மாமாவின் வலது கை

நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு படம் வந்ததே, பார்த்தீர்களா? ஷேர் ஆட்டோ ஸ்டாண்டில் இருக்கும் சிலைக்கு யாரோ புதிதாகத் தங்கக் கலர் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். நம்மோடு படித்தவர் ஒருவர் அந்த வழியாகப் போனபோது அதைப் படம் பிடித்துப் போட்டு, "இது எந்தக் கட்சித் தலைவர்?" என்று கேட்டிருந்தார். இன்னொருவர் வாய்க்கு வந்த ஒரு தலைவர் பெயரைச் சொன்னார். அதற்கு நாலு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். எனக்கு வந்த கோபத்தில் போனைச் சோபாவில் விட்டெறிந்தேன். வெளியூர்க்காரர்கள் கேட்டால் பரவாயில்லை. அதே ஸ்டாண்டில் நின்று சேமியா ஐஸ் வாங்கித் தின்றவர்கள் கேட்கலாமா?

அவர் கட்சித் தலைவர் இல்லை. என் அத்தையின் புருஷன், எனக்கு மாமா. கதை எழுதியவர். நம் காலனியில் பிறந்தவர்களில் புத்தக அட்டையில் பெயர் வந்த முதல் ஆள் அவர்தான். குழுவில் தட்டலாம் என்றால் எனக்கு விரல் வலிக்கும், நீங்களும் பாதியில் விட்டுவிட்டுக் காலை வணக்கப் பூப்படம் அனுப்புவீர்கள். அதனால் உட்கார்ந்து எழுதியே விடுகிறேன். ஐம்பதைத் தாண்டிய பிறகு நேற்றுச் சாப்பிட்டது மறந்துபோகிறது. அந்த வருஷத்து மழைக்காலம் மட்டும் மறப்பேனா என்கிறது.

நம் அப்பா அம்மாக்கள் அதுவரை பிறத்தியார் வயலில் நாற்று நட்டவர்கள். கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகள் வந்ததும் காலில் இருந்த சேற்றைக் கழுவிக்கொண்டு ஷிஃப்டுக்குப் போக ஆரம்பித்தார்கள். காலைச் சங்கு ஊதினால் அடுப்பு, மத்தியானச் சங்கு ஊதினால் உலை. காற்று ஒரு பக்கமாக வீசினால் இரும்பு உருக்குகிற நெடி வரும், திரும்பி வீசினால் ஏரிச்சேற்று வாடை வரும். நமக்குக் கோலிகுண்டு கிடையாது, தகர வில்லைதான். பவர் பிரஸ்ஸில் தகட்டை வெட்டும்போது கழிவாக விழுமே, அந்த வட்ட வில்லைகள். ஓரம் கையைக் கிழிக்கும். விளையாடிவிட்டுச் சோறு தின்றால் சோற்றிலும் எண்ணெய் வாடை அடிக்கும். அந்த வில்லைகளைப் பை நிறையக் கொண்டுவந்து நமக்குக் கொடுத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? மாமாதான். எத்தனையோ வீடு மாறியதில் என்னிடம் ஒரு வில்லைகூட மிச்சமில்லை.

அதே பிரஸ்தான் அவர் கையையும் வாங்கியது. வலது கையில் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றும் போயின. சர்ச்சில் அத்தை போட்டுவிட்ட கல்யாண மோதிரமும் விரலோடு போயிற்று. கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் நின்றன. கம்பெனிக்காரர்கள் அவரை வீட்டுக்கு அனுப்பாமல், கேட்டில் ஸ்டூல் போட்டு வாட்ச்மேனாக உட்காரவைத்தார்கள். எவ்வளவு பெரிய மனசு என்று காலனியே மெச்சிக்கொண்டது.

கேட்டில் உட்கார்ந்து பார்த்ததையெல்லாம் அவர் வீட்டுக்கு வந்து எழுத ஆரம்பித்தார். மடியில் பரீட்சை அட்டை, அதன் மேல் காகிதம். கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே பேனாவை இடுக்கி, மொட்டை விரல்களின் மேல் சாய்த்துக்கொள்வார். ஆரம்பத்தில் பேனா நழுவி நழுவி விழும். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து அட்டை ஆடாமல் பிடித்துக்கொள்வாள். அவள் கம்பெனி கேன்டீனில் பாத்திரம் தேய்ப்பவள். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு வரி முடிந்ததும் "இப்ப இன்னா எழுதுன?" என்று கேட்டுவிடுவாள்.

கம்பெனி கேட்டில் படுத்துக்கிடக்கும் நாய்க்கு அட்டெண்டன்ஸ் கார்டு போட்டுக் கொடுக்கிற கதை ஒன்று எழுதினார். சொல்லாமல் லீவு போட்ட நாயைத் தேடிக்கொண்டு சூப்பர்வைசர் ஏரிக்கரைக்குப் போவார். நைனா அதை ஷிஃப்ட் விட்டு வருகிறவர்களுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுவார், அந்த ஏரிக்கரை வந்ததும் சிரிப்பை அடக்க முடியாமல் நிறுத்திவிடுவார். நைனா என்றால் என் அப்பா. ஆந்திரா பக்கத்திலேயே இருப்பதால் நம்மில் பாதிப் பேர் அப்படித்தானே கூப்பிட்டோம். நைனா வேறொரு கம்பெனியில் வெல்டர். மாமாவை அவர் மச்சான் என்று நினைத்ததில்லை, வரம் என்று நினைத்தார். மெட்ராஸ் பத்திரிகையில் கதை வந்த நாளில் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு டீக்கடை டீக்கடையாகப் போனார்.

மாமா வெளியே கிளம்பும்போதெல்லாம் வலது கையில் ஒரு வெள்ளை உறை மாட்டிக்கொள்வார். விரல் இல்லாத இடங்களில் மெஷின் துடைக்கிற பனியன் வேஸ்ட்டைத் திணித்து அடைத்திருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் ஐந்து விரலும் இருப்பதாகவே தோன்றும். சலாம் போடும்போது நடுவில் மூன்று மட்டும் விறைத்துக்கொண்டு நிற்கும். வீட்டுக்குள் கால் வைத்ததும் உறையைக் கழற்றி எறிந்துவிட்டு அத்தையிடம் கையை நீட்டுவார். அவள் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்துவிடுவாள். அந்த மொட்டை விரல்களைப் பார்த்து நான் ஒருநாளும் பயந்ததில்லை. உறையைப் பார்த்தால்தான் அம்மா பின்னால் போய் ஒளிந்துகொள்வேன்.

புத்தகம் வந்த அடுத்த வருஷம் அவருக்கு மஞ்சள் காமாலை கண்டது. கீழாநெல்லி, பொன்னேரி ஆஸ்பத்திரி, ஜெபம் எல்லாம் பார்த்தாயிற்று. போய்விட்டார். அத்தைக்குப் பிள்ளை இல்லை.

துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமே நைனா சொல்லத் தொடங்கிவிட்டார். "நம்ம ஆளுக்கு ஒரு செல வெக்கணும்." காலனியில் கமிட்டி போட்டார்கள், நைனாதான் தலைவர். ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் ரோட்டு ஓரத்தில் சிலை வைப்பதை விரும்பவில்லை. நம் ஆட்களும் விடவில்லை. இழுபறியாகி, கடைசியில் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மூலை கிடைத்தது. மாமா நாற்காலியில் உட்கார்ந்து மடியில் அட்டை வைத்து எழுதுகிற மாதிரி சிமென்டுச் சிலை. பீடம் உயரமில்லை, பெரியவர்கள் எக்கினால் சிலையின் கையைத் தொடலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து அத்தை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தாள். அம்மா கறிக்குழம்பு வைத்திருந்தாள். அத்தை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாளே தவிர வாயில் வைக்கவில்லை.

"ண்ணா, செலையில கை எப்டி வெப்பாங்க?"

"எப்டி வெப்பாங்க, எழுதுற மாரிதான்."

"அது தெரியுது. அவரு கையா வெப்பாங்களா?"

நைனா தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"தோ பாரு தங்கச்சி. நம்ம பாட்டன் பூட்டன்லாம் இந்த ரோட்டுல துண்ட இடுப்புல கட்டிக்கினு ஓரமாப் போனவங்க. அதே ரோட்டுல நம்மாளு ஒருத்தரு நாற்காலி போட்டு உக்காரப் போறாரு. பஸ்ல போறவன்லாம் பாப்பான். பாத்துட்டு 'ஐயோ பாவம்'னு சொல்லிட்டுப் போவக்கூடாது. முழு ஆளா உக்காரணும்."

"அவரு முழு ஆளாத்தான் இருந்தாரு."

"நான் இல்லன்னு சொன்னனா? வெளிய போவ சொல்ல அவரே உறை மாட்டிக்கினுதான போனாரு. அவருக்கே காட்டப் புடிக்கல. நாம எதுக்கு ஊருக்குக் காட்டணும்?"

அத்தை பிசைந்த சோற்றைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினாள். பிறகு தலையைக் குனிந்தபடியே சொன்னாள்.

"அது அவரா மாட்டுனது இல்லண்ணா. கம்பெனில குடுத்தது. பெரிய ஆபீசருங்க கார்ல வர்றப்ப கேட்டுல அந்தக் கை கண்ணுல பட்டா நல்லா இல்லியாம். மாட்டலன்னா கேட்டு வேலையும் கெடையாதுன்னாங்க. உன்கிட்ட சொன்னா நீ போய் சண்ட இழுப்ப, பேஜாராயிடும்னு சொல்லல."

நைனா முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. அவ்வளவு நாள் கூடவே திரிந்தும் தெரியாமல் போயிற்றே என்ற வருத்தம்தான் என்று இப்போது நினைக்கிறேன். அதை விழுங்கிக்கொண்டு, "சரி, பாக்கலாம், நீ சாப்டு" என்றார். நம் ஊர் ஆம்பிளைகள் அப்படிச் சொன்னால் காரியம் நடக்காது என்று நமக்கெல்லாம் தெரியும். அத்தைக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அன்று அவள் அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டு, தட்டில் இருந்ததை ஒரு பருக்கை விடாமல் தின்றாள்.

சிலை செய்ய ஊத்துக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு மேஸ்திரி வந்தார். கோயில் கோபுரத்துக்குச் சுதைப் பொம்மை, சர்ச்சுக்கு மாதா என்று எல்லாம் செய்கிறவர். ஸ்டாண்டிலேயே நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டிக்கொண்டு உள்ளே வேலை பார்த்தார். நமக்குக் காலாண்டு லீவு. தார்ப்பாய் ஓட்டையில் கண்ணை வைத்து நீங்களும்தான் பார்த்தீர்கள். முதலில் கம்பியை வளைத்து எலும்புபோல நிறுத்தி, கோழிவலை சுற்றி, அதன் மேல் சிமென்டை அப்புவார். உள்ளே ஈரச்சாக்கு நாற்றமும் பீடி நாற்றமும் கலந்து அடிக்கும். முகம் அச்சு அசல் வந்துவிட்டது. மாமா சிரிக்கப் போகிறாரா இல்லையா என்று சொல்ல முடியாத அந்த வாய்கூட வந்துவிட்டது.

கை வேலை தொடங்கிய மத்தியானம் அத்தை கேன்டீனிலிருந்து நேராக வந்தாள். என்னையும் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். அவள் கேட்டதைக் கேட்டதும் மேஸ்திரி கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"கொற வெச்சு செய்யக்கூடாதும்மா. சாமியா இருந்தாலும் சரி, மாதாவா இருந்தாலும் சரி, பின்னமான உருவத்த நிறுத்துனா ஊருக்கு ஆவாது. எங்கப்பன் காலத்துலேந்து அதான் மொற."

"பின்னம்னா ஒடஞ்சதுதான மேஸ்திரி?"

"ஆமா."

"இது ஒடஞ்சது இல்ல. ஆறிப்போனது."

மேஸ்திரி கரண்டியை மறுபடி கையில் எடுத்தார். பிறகு, "எப்டி இருக்கும், காட்டுங்க" என்றார். அத்தை என் வலது கையை எடுத்து மூன்று விரல்களையும் மடக்கினாள். "இங்க வரிக்கும்தான். நுனி உருண்டையா இருக்கும். தையல் போட்ட எடத்துல சின்னதா ஒரு பள்ளம். நடு வெரலு மட்டும் லேசா கோணிக்கும்." மேஸ்திரி ஒரு குச்சியை என் கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் சொருகிப் பார்த்தார். பொழுது சாய்கிற வரைக்கும் நான் கையை அப்படியே வைத்திருந்தேன், மரத்துப்போயிற்று. அத்தை ஈர சிமென்டைத் தொட்டுத் தொட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள். "இன்னும் கொஞ்சம் உள்ள. ஆங். அவ்ளோதான்." முடிந்ததும் மேஸ்திரி அந்தக் கையில் ஈரச்சாக்கைச் சுற்றிக் கட்டினார். வெளியே வந்து அத்தை எனக்கு இரண்டு சேமியா ஐஸ் வாங்கிக் கொடுத்தாள். மாமா போன பிறகு அன்றுதான் அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

திறப்பு விழாவுக்கு முதல் நாள் மத்தியானம் நைனா கமிட்டிக்காரர்களோடு வேலையைப் பார்க்க வந்தார். நான் அங்கேதான் மணலில் விளையாடிக்கொண்டிருந்தேன். மேஸ்திரி சாக்கை அவிழ்த்தார்.

"இன்னா மேஸ்திரி இது? வெரல் எங்க?"

"அந்தம்மாதான் இப்டி செய்ய சொன்னாங்க."

"அது துக்கத்துல ஆயிரம் சொல்லும். நீ கேட்டுக்கினு செஞ்சிடுவியா? வெரல வெச்சுடு."

"காஞ்சிடுச்சுங்களே. காஞ்ச சிமென்டு மேல ஈர சிமென்டு புடிக்காது. கொத்திட்டு, கம்பி உட்டு, அப்பால வெக்கணும். ரெண்டு மூணு நாளாவும்."

"காலையில செல தொறக்க மெட்ராஸ்லேந்து பேராசிரியர் ஒருத்தரு வராரு, எங்க போறது ரெண்டு நாளுக்கு? இன்னிக்கே வெச்சு மேல பெயின்ட் அடி, நிக்கும்."

மேஸ்திரி சிமென்டைக் குழைத்தார். நைனா கொஞ்சம் தூரம் போனவர் திரும்பி வந்தார். "மோதிர வெரல்ல ஒரு மோதிரமும் போட்டுடு மேஸ்திரி. தங்கச்சி பாத்தா சந்தோஷப்படும்." அதைச் சொல்லும்போது நைனாவுக்குக் கண் கலங்கியிருந்தது. தங்கைக்கு யாரும் கொடுக்க முடியாததைக் கொடுக்கப்போகிறோம் என்று அவர் மனசார நம்பினார். அத்தைக்கு அன்று இரண்டாவது ஷிஃப்ட். அவள் வருவதற்குள் சிலை துணியால் மூடப்பட்டுவிட்டது.

மறுநாள் பேண்டு வாத்தியம் வைத்திருந்தார்கள். நமக்கெல்லாம் ஆளுக்கு ஒரு ஆரஞ்சு மிட்டாய். பேராசிரியர் கயிற்றை இழுத்ததும் துணி விழுந்தது, எல்லோரும் கை தட்டினோம். அத்தை மாலையோடு நின்றாள். முகத்தைப் பார்த்தாள். அப்புறம் கையைப் பார்த்தாள். கொழுகொழுவென்று ஐந்து விரல்கள். மஞ்சள் பெயின்டில் மோதிரம் வெயிலுக்கு மின்னியது. மாலையைப் போட்டுவிட்டு இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மேடையில் பேராசிரியர் பேசிக்கொண்டிருந்தார். "செலைக்கும் உறை மாட்டிட்டாங்கடி" என்றாள் என்னிடம். அவ்வளவுதான் சொன்னாள்.

அதன் பிறகு அவள் அந்த ஸ்டாண்டு வழியாக நடக்கவே இல்லை. கேன்டீனுக்கு நேர் வழி அதுதான். அவள் ரயில் தண்டவாளத்தை ஒட்டிய முள்ளுக்காட்டுப் பாதையில் சுற்றிக்கொண்டு போவாள். புடவைக் கரையெல்லாம் நாயுருவி ஒட்டியிருக்கும். "புருஷன் மொகத்தப் பாக்கத் தாங்கல அதுக்கு" என்று நைனா எல்லோரிடமும் சொன்னார். கேட்டவர்கள் உச்சுக்கொட்டினார்கள். அத்தை யாரையும் திருத்தவில்லை.

தீபாவளி கழிந்து மழை பிடித்தது. அந்த மழை ஞாபகம் இருக்கிறதா? ஏரி நிரம்பிக் கலங்கல் தாண்டி ஓடியது, நமக்குப் பள்ளிக்கூடம் இல்லை. ஒருநாள் விடியற்காலை ஸ்டாண்டில் ஒரே கூச்சல். "செலைய ஒடச்சிட்டானுங்க!" நைனா பனியனோடு ஓடினார், நானும் பின்னாலேயே ஓடினேன். சிலையின் வலது கையில் மூன்று விரல்களைக் காணோம். அவை பீடத்தின் மேல் மழைத்தண்ணீரில் கிடந்தன. நான் ஒன்றை எடுத்தேன். அடியில் கிண்ணம்போலக் குழிவாக, வழவழவென்று இருந்தது. அண்ணாந்து பார்த்தேன். மேஸ்திரி முதலில் செய்த மொட்டை விரல்கள் ஒரு கீறல் இல்லாமல் அப்படியே இருந்தன, அந்தத் தையல் பள்ளம் உள்பட.

"நைனா, இதுல குழி கீது பாரு" என்று நீட்டினேன்.

"கீழ வெய்யி அத்த! போலீஸ்காரரு வந்து பாக்கணும்" என்று என் கையைத் தட்டிவிட்டார். வந்த போலீஸ்காரர் மூன்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு போனார். அப்புறம் அவற்றை யாரும் பார்க்கவில்லை.

செய்தி கேட்டு அத்தை ஓடிவந்தாள், தண்டவாளப் பாதையில் சுற்றாமல் நேர் வழியில். கூட்டம் விலகி வழி விட்டது. அவள் மார்பில் அடித்துக்கொண்டு அழப்போகிறாள் என்று பெண்கள் தாங்கிப் பிடிக்கத் தயாராக நின்றார்கள். அவள் எக்கி, முந்தானையால் அந்தக் கையில் இருந்த ஈரத்தைத் துடைத்தாள். மொட்டை விரல்களைத் தடவினாள். அப்படியே பிடித்துக்கொண்டு மழையில் நின்றாள். அவள் முகத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான், அதில் துக்கம் இல்லவே இல்லை. "அதுக்கு சித்தம் கலங்கிடுச்சு" என்றாள் ஒருத்தி.

அதைக் கேட்டதும் நைனாவுக்கு வெறி பிடித்துவிட்டது. ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள்தான் செய்தார்கள் என்று நம் ஆட்கள் முடிவே கட்டிவிட்டார்கள். ரோட்டில் கல்லைப் போட்டு பஸ்ஸை மறித்தார்கள். ஸ்டாண்டில் டீக்கடை வைத்திருந்தாரே, நமக்கு உடைந்த பிஸ்கட்டைச் சும்மா கொடுப்பாரே, அவர் அந்த ஊர்க்காரர். அவர் தம்பியைச் சந்தேகத்தில் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். ஈர சிமென்டு பிடிக்காது என்று விழாவுக்கு முதல் நாள் மேஸ்திரி சொன்னது நைனாவுக்கு நினைவே வரவில்லையா? எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன். வந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். அவமானப்பட்டே பழகியவர்களுக்கு, எது விழுந்தாலும் யாரோ தள்ளிவிட்டதாகத்தான் முதலில் தோன்றும்.

அத்தை தானாக நடந்து ஸ்டேஷனுக்குப் போனாள். அம்மாவும் நானும் கூடப் போனோம். நைனா அங்கேதான் இருந்தார். இன்ஸ்பெக்டர் நல்லவிதமாகவே, "பயப்படாம சொல்லும்மா, யார் உடைச்சது?" என்று கேட்டார்.

"எனக்கு இன்னா பயம் சார்? யாரும் ஒடைக்கல. தானா உயுந்துச்சு. அந்தப் பையன உட்டுடுங்க. அடியில எங்க ஊட்டுக்காரரு கை நல்லாத்தான் கீது, வந்து பாருங்க."

இன்ஸ்பெக்டர் நைனாவைப் பார்த்தார். "யாரோ மிரட்டியிருக்காங்க போல." நைனா பல்லைக் கடித்துக்கொண்டு, "தெரியும் சார்" என்றார். வெளியே வந்ததும் அத்தையின் தலையைத் தடவி, "நீ யாருக்கும் பயப்படாத தங்கச்சி, உங்கண்ணன் நான் உயிரோடதான் கீறேன்" என்றார். அத்தை என்னமோ சொல்ல வாயெடுத்தாள். அண்ணன் கண்ணில் தண்ணீரைப் பார்த்ததும் விட்டுவிட்டாள்.

டீக்கடைக்காரர் தம்பியைப் பிறகு விட்டுவிட்டார்கள். ஆனால் அவர் கடையைக் காலி செய்துகொண்டு சோழவரம் பக்கம் போய்விட்டார். அவர் மகன் நம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்காருவானே, நம் குழுவில் அவன் இல்லை, கவனித்தீர்களா?

போட்டோ எடுக்க வேண்டும், விசாரிக்க வேண்டும் என்று போலீஸ்காரர்கள் சிலையை அப்படியே விட்டுவைக்கச் சொன்னார்கள். அதனால் கொஞ்ச நாள் அந்தக் கை அந்தக் கையாகவே இருந்தது. அத்தை அந்த நாட்களில் தினமும் கேன்டீனுக்குப் போகும் முன் ஸ்டாண்டுக்கு வருவாள். பீடத்துப் படியில் உட்கார்ந்து நாஷ்டா டப்பாவைத் திறந்து தின்பாள். கிளம்பும்போது எக்கி அந்தக் கையைப் பிடித்து, ஆட்டோக்காரர்கள் பார்க்கிறார்கள் என்ற கூச்சமே இல்லாமல், "வரட்டா?" என்று கேட்டுவிட்டுப் போவாள். தலையில் பூகூட வைக்காத விதவை, பார்க்கப் புதுப்பெண் மாதிரி இருந்தாள். ஒருநாள் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து தேய்த்துவிட்டாள். பார்த்தவர்கள் அதையும் பைத்தியம் என்றார்கள். நைனா அதைக் கேட்டுக் கேட்டு உள்ளுக்குள் வெந்துபோனார்.

மறுபடி கலாட்டா வந்தால் சிலையையே எடுத்துவிடுவோம், அதனால் கூண்டு போட்டுவிடுங்கள் என்று போலீஸ் மேலிடத்திலிருந்து சொன்னார்கள். நைனா வேறு யாரையும் வேலை வாங்க விடவில்லை. தானே லீவு போட்டுவிட்டு வெல்டிங் மெஷினைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். மழை விட்டிருந்தது. நான்கு பக்கமும் இரும்பு ஆங்கிள் நிறுத்தி, நெருக்கமாகக் கம்பிகளை வைத்து ஒவ்வொன்றாகப் பற்றவைத்தார். அவ்வளவு சுத்தமான வேலையை அவர் கம்பெனிக்குக்கூடச் செய்திருக்க மாட்டார். ஒவ்வொரு கம்பியையும் பிடித்து ஆட்டிப் பார்த்துக்கொண்டார்.

முன்பக்கம் மட்டும் பாக்கி இருந்தபோது அத்தை வந்தாள். அண்ணனுக்கு டீ கொண்டுவந்திருந்தாள்.

"குடிச்சிட்டு செய்ண்ணா."

"ஆங். இத்த முடிச்சிட்டா நிம்மதி. நாளைக்குக் கொத்தனாரு வராரு. அந்த மொட்டைய நல்லா கொத்தி, கம்பி உட்டு, வெரல கெட்டியா வெச்சுடுவாரு. இனிமே இடி உயுந்தாலும் ஒண்ணும் ஆவாது."

"வெரல் வாணாண்ணா. அது அப்டியே இருக்கட்டும்."

"எவனுக்கும் பயந்துக்கினு நீ பேசாத."

அத்தை கம்பிகளைப் பார்த்தாள். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் தன் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். விரல்கள் போயின, கை போகவில்லை.

"இந்தப் பக்கமாவது ஒரு சந்து உட்டு வையேண்ணா. என் கை போற அளவுக்கு."

நைனா டீயைக் குடித்துவிட்டு டம்ளரை என்னிடம் கொடுத்தார். "உன் கை போனா அவனுங்க கையும் போவும். பைத்தியமே, உனக்காகத்தான் இவ்ளோ நெருக்கமா வெக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த கம்பியை எடுத்து நிறுத்தினார்.

அத்தை முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். தோள் இரண்டும் குலுங்கின. நைனா கறுப்புக் கண்ணாடியை முகத்துக்கு முன் பிடிக்கப் போனவர், ஒரு தடவை திரும்பி அவளைப் பார்த்தார்.

"ஆமா, அப்டியே மூடிக்க தங்கச்சி" என்றார் அன்பாக. "வெளிச்சம் பட்டா கண்ணு போயிடும்."